வழுப் பதிவு மென்பொருளும் ஆவண மேலாண்மை மென்பொருளும்: குழுவுக்கு ஏற்றதைத் தேர்தல்

வழுப் பதிவு மென்பொருள் என்பது ஒரு பொருளிலோ மென்பொருளிலோ பணிமுறையிலோ காணப்படும் குறைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து, பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, அவை தீரும்வரை பின்தொடர உதவும் மென்பொருள் ஆகும். ஆவண மேலாண்மை மென்பொருள் என்பது வரைபடங்கள், பணிக்குறிப்புகள், ஒப்பந்தங்கள், சோதனை அறிக்கைகள் போன்றவற்றைப் பதிப்பு வாரியாகச் சேமித்து, ஒப்புதல் பெற்று, உரியவர்களுக்கு உரிய பதிப்பை மட்டும் காட்ட உதவும் மென்பொருள் ஆகும். இரண்டிலும் கோப்புகளை இணைக்கலாம், கருத்து எழுதலாம், தேடலாம். இதனால் ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்ற எண்ணம் பல குழுக்களிடம் ஏற்படுகிறது.

மென்பொருள் நிறுவனங்களில் மட்டுமன்றித் தொழிற்சாலைகளிலும் இந்தக் கேள்வி எழுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட், ஊத்துக்கோட்டைக்கு அருகிலுள்ள தேர்வாய் கண்டிகை சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் பெரிய ஆலைகளும், அவற்றுக்குப் பாகங்கள் செய்து தரும் சிறு, நடுத்தர ஆலைகளும் உள்ளன. இத்தகைய ஆலையின் தரப் பிரிவு இரண்டு வகைப் பதிவுகளை நாள்தோறும் கையாள்கிறது. ஒன்று, இன்று என்ன பழுதானது என்பது. மற்றொன்று, வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது. இந்த இரண்டையும் எந்த மென்பொருளில் வைப்பது, எப்படி இணைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கணிமையில் 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வழு' என்ற சொல் வழங்குகிறது. வழுவை நீக்கும் பணி வழுநீக்கம் எனப்படுகிறது. இது இலக்கணத்திலிருந்து வந்த சொல். நன்னூல் முதலிய இலக்கண நூல்கள் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளைப் பேசுகின்றன. பிழையின்றி அமைவது வழாநிலை. பிழைபட அமைவது வழு. பிழையே ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

இந்த மூன்றாவது நிலை தொழிற்சாலைக்கும் புதிதன்று. அளவில் சிறிது மாறிய பாகத்தை, பயன்பாட்டுக்குத் தீங்கில்லை என ஆராய்ந்து, வாடிக்கையாளரின் எழுத்துவழி இசைவுடன் அனுப்புவது உண்டு. மென்பொருள் துறையிலும் சில வழுக்கள் 'திருத்தப்படாது' என்ற குறிப்புடன் மூடப்படுகின்றன. ஆகவே ஒரு நல்ல வழுப் பதிவில் 'தீர்ந்தது', 'தீரவில்லை' என்ற இரண்டு நிலைகள் மட்டும் இருந்தால் போதாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வழுவை, ஏற்றவர் பெயரோடும் காரணத்தோடும் குறிக்க இடம் வேண்டும்.

பொறிகளின் குறையை 'பூச்சி' என்று குறிக்கும் ஆங்கில வழக்கு கணினிக்கு முந்தையது. தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டின் கடிதம் ஒன்றில் அச்சொல்லைப் பயன்படுத்தியுள்ளார். 1947 செப்டம்பர் 9 அன்று ஆர்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைப் பணியாளர்கள் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அந்தக் குறிப்பேடு இன்று அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடிப்படை வேறுபாடு

வழுவுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது கண்டறியப்படும், ஒருவரிடம் ஒப்படைக்கப்படும், ஆராயப்படும், சரிசெய்யப்படும், சோதிக்கப்படும், மூடப்படும். ஆவணத்துக்கு அப்படி முடிவு இல்லை. அது எழுதப்படும், ஒப்புதல் பெறும், நடைமுறைக்கு வரும், திருத்தப்படும். புதிய பதிப்பு வந்ததும் பழைய பதிப்பு விலக்கப்படும். வழுவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி 'இப்போது யாரிடம், எந்த நிலையில் உள்ளது?' என்பது. ஆவணத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி 'இன்று செல்லுபடியாகும் பதிப்பு எது, யார் ஒப்புதல் தந்தார்?' என்பது.

ஊத்துக்கோட்டையையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே உள்ள 'ஜீரோ பாயின்ட்' என்ற இடத்தில் தமிழக எல்லைக்குள் நுழைகிறது. சென்னைக் குடிநீருக்காக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. நீர் தருவது பற்றிய 1983ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஓர் ஆவணம். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் அதன் சொற்கள் என்ன என்பதே முக்கியம். கால்வாயின் ஏதோ ஓர் இடத்தில் கரை சரிந்தால் அது வழு. எங்கே, எவ்வளவு நீளம், யார் சரிசெய்வது, எப்போது முடியும் என்பவையே அங்கு முக்கியம். ஒப்பந்தத்தைப் பழுதுப் பட்டியலில் தேடுவதும், கரைச் சரிவை ஒப்பந்தக் கோப்பில் செருகி மறப்பதும் ஒரே வகைத் தவறுகள்.

இரண்டு மென்பொருள்களின் இயல்பையும் பின்வருமாறு தொகுக்கலாம்.

- அடிப்படை அலகு: வழுப் பதிவில் ஒரு நிகழ்வு, ஆவண மேலாண்மையில் ஒரு கோப்பும் அதன் பதிப்புகளும்.
- வாழ்நாள்: வழு மூடப்படும், ஆவணம் திருத்தப்படும் அல்லது விலக்கப்படும்.
- பொறுப்பு: வழுவுக்கு அந்தந்த நேரத்தில் ஒரு பொறுப்பாளர், ஆவணத்துக்கு எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என மூவர்.
- வேகம்: வழுவைப் பதிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, ஆவணத்தை மாற்ற நிதானம் வேண்டும்.
- உரிமை: வழுவை யார் வேண்டுமானாலும் பதியலாம், ஆவணத்தைச் சிலர் மட்டுமே மாற்றலாம்.

கடைசி இரண்டும் முக்கியமானவை. வழுவைப் பதிவதைக் கடினமாக்கினால் யாரும் பதிய மாட்டார்கள். ஆவணத்தை மாற்றுவதை எளிதாக்கினால் எது சரியான பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. ஒரே மென்பொருளில் இரண்டையும் அடக்க முயலும்போது இந்த இரு தேவைகளும் மோதுகின்றன.

அரசு அலுவலகங்களின் முன்மாதிரி

கணினிக்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இந்த வேறுபாடு நடைமுறையில் இருந்தது. வட்டாட்சியர் அலுவலகம் போன்ற ஓர் அலுவலகத்துக்கு வரும் மனு அல்லது தபாலுக்கு ஒரு ந.க. எண் தரப்படும். அது உரிய எழுத்தரின் தன்பதிவேட்டில் பதியப்படும். என்று வந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, யாருக்கு நினைவூட்டு அனுப்பப்பட்டது என்பன அதே வரியில் தொடரும். தன்பதிவேட்டைப் பார்க்கும் மேலதிகாரிக்கு எது நிலுவையில் உள்ளது என்பது உடனே தெரியும். இது வழுப் பதிவு மென்பொருளின் வேலை.

நடவடிக்கை முடிந்ததும் கோப்பு பதிவறைக்குச் செல்லும். அப்போது அது எத்தனை காலம் காக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒரு குறியீடு பெறும். ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்பன முறையே ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்ற காலங்களைக் குறிக்கும். இது ஆவண மேலாண்மை மென்பொருளின் வேலை. தன்பதிவேட்டைப் பதிவறையாகவோ, பதிவறையைத் தன்பதிவேடாகவோ யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் ஒரே எண் இரண்டையும் இணைத்தது. புதிய மென்பொருள் வாங்கும் குழு கவனிக்க வேண்டிய அமைப்பு இதுவே.

வழுப் பதிவு மென்பொருளின் கூறுகள்

ஒரு வழுப் பதிவில் பொதுவாகப் பின்வருவன இருக்கும்.

- ஒரு வரித் தலைப்பு
- எங்கே, எப்போது, எந்தப் பதிப்பில் அல்லது எந்த உற்பத்தித் தொகுதியில் காணப்பட்டது என்ற விவரம்
- எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன
- மீண்டும் நிகழச் செய்யும் படிகள்
- தீவிரம், முன்னுரிமை
- பொறுப்பாளர், நிலை, கெடு நாள்

தீவிரமும் முன்னுரிமையும் ஒன்றல்ல. ஒரு வழு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது தீவிரம். அதை எவ்வளவு விரைவில் கவனிக்க வேண்டும் என்பது முன்னுரிமை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இயங்கும் பொறியில் உள்ள கடும் பழுது தீவிரமானது. ஆனால் அது நாளையே கவனிக்க வேண்டியதாக இருக்கத் தேவையில்லை.

மொசில்லா திட்டத்தின் பக்ஜில்லா 1998ஆம் ஆண்டு வெளியானது. மேன்டிஸ் 2000ஆம் ஆண்டும், ஜிரா 2002ஆம் ஆண்டும், ரெட்மைன் 2006ஆம் ஆண்டும் தொடங்கின. இவற்றில் ஜிரா கட்டண மென்பொருள். மற்ற மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் பக்டிராக்கர் என்ற பெயரில் வழுப் பதிவுச் சேவையையும், ஒர்க்டிரைவ் என்ற பெயரில் கோப்புச் சேவையையும் தனித்தனியாக வழங்குகிறது. இரண்டையும் விற்கும் நிறுவனமே அவற்றை வேறு வேறு பொருள்களாக வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆவண மேலாண்மை மென்பொருளின் கூறுகள்

கோப்புகளை ஓரிடத்தில் குவிப்பது மட்டும் ஆவண மேலாண்மை ஆகாது. 'வரைபடம்-இறுதி', 'வரைபடம்-இறுதி-2', 'வரைபடம்-புதிய-இறுதி' என மூன்று கோப்புகள் உள்ள கோப்புறை பல அலுவலகங்களில் காணக்கூடியது. ஆவண மேலாண்மை மென்பொருள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பின்வரும் வசதிகளைத் தருகிறது.

- ஒரே ஆவணத்துக்கு ஒரே எண். பதிப்புகள் அதன் கீழ் வரிசையாக
- ஒருவர் திருத்தும்போது மற்றவர் திருத்த முடியாத பூட்டு
- சரிபார்ப்பு, ஒப்புதல் ஆகிய படிகள்
- பழைய பதிப்பைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, சான்றுக்காக மட்டும் காத்தல்
- எத்தனை காலம் காக்க வேண்டும் என்ற விதி
- யார் திறந்தார், யார் மாற்றினார் என்ற தடம்

மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் 2001ஆம் ஆண்டிலும், அல்ஃபிரெஸ்கோ 2005ஆம் ஆண்டிலும், நெக்ஸ்ட்கிளவுட் 2016ஆம் ஆண்டிலும் தொடங்கின. இந்தியாவில் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஆகும். அதன் 7ஆம் பிரிவு, ஆவணங்களை மின்னணு வடிவில் காத்து வைப்பதற்கான நிபந்தனைகளைக் கூறுகிறது. பின்னாளில் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருத்தல், தொடக்க வடிவம் சிதையாதிருத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

தொழிற்சாலையில் இரண்டின் இடம்

தரமேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்விரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கிறது. ஆவணப்படுத்தப்பட்ட தகவல் பற்றியது 7.5ஆம் பிரிவு. தரத்துக்கு ஒவ்வாத பொருளைப் பிரித்து வைப்பது பற்றியது 8.7ஆம் பிரிவு. ஒவ்வாமையின் காரணத்தை ஆராய்ந்து திருத்துவது பற்றியது 10.2ஆம் பிரிவு. ஒரு குறையைத் திருத்தும்போது அதன் காரணத்தைக் கண்டறியவும், எடுத்த நடவடிக்கை பயன் தந்ததா எனப் பார்க்கவும், தேவைப்பட்டால் தரமேலாண்மை முறையையே மாற்றவும் இந்த 10.2ஆம் பிரிவு கோருகிறது. அதாவது வழு மூடப்படும் வழி ஆவணங்களின் வழியாகச் செல்கிறது.

வாகன உதிரிபாக ஆலைகளுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலை மேலும் இறுக்கமானது. வாடிக்கையாளர் அனுப்பும் பொறியியல் மாற்றங்களைப் பெற்ற 10 வேலை நாள்களுக்குள் ஆராய வேண்டும் என அது கூறுகிறது. உற்பத்திப் பாக ஒப்புதல் பதிவுகளை, அந்தப் பாகம் உற்பத்தியிலும் சேவையிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு நாள்காட்டி ஆண்டும் காக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் விற்பனையில் உள்ள ஒரு வண்டியின் பாகத்துக்கு இது மென்பொருளின் ஆயுளையே மிஞ்சும் காலம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். பிரஸ் பொறியில் இரும்புத் தகட்டைக் குத்தி பிராக்கெட் செய்யும் சிறு ஆலை ஒன்று. இரவு ஷிப்டில் செய்த பிராக்கெட்டுகளில் ஒரு துளை சிறிது இடம் மாறியிருப்பதைச் சோதனையாளர் காண்கிறார். அவை சிவப்புத் தொட்டியில் ஒதுக்கப்படுகின்றன. டையின் நிலைப்படுத்தும் பின் தேய்ந்திருப்பது தெரியவருகிறது. பின் மாற்றப்படுகிறது. வழு மூடப்படுகிறது. மூன்று மாதங்களுக்குப் பின் அதே பின் மீண்டும் தேய்கிறது, அதே துளை மீண்டும் விலகுகிறது. காரணம் எளியது. பின் மாறியது, பராமரிப்புப் பட்டியல் மாறவில்லை. 'ஒவ்வொரு 20,000 ஸ்ட்ரோக்குக்கும் பின்னை அளந்து பார்' என்ற வரி பட்டியலின் அடுத்த பதிப்பில் சேர்ந்திருந்தால் வழு திரும்பியிருக்காது. வழுப் பதிவு பின்னை மாற்றச் சொன்னது. பட்டியலை மாற்றச் சொல்ல அதில் இடமே இல்லை.

இப்பகுதி ஆலைகளில் தமிழ் பேசுவோருடன், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெலுங்கு பேசுவோரும், வட மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களும் பணியாற்றுகின்றனர். ஒரே பணிக்குறிப்பு இரண்டு அல்லது மூன்று மொழிகளில் பொறியருகே தொங்கும். தமிழ்ப் பதிப்பு மட்டும் திருத்தப்பட்டு இந்திப் பதிப்பு பழையதாகவே இருந்தால், ஒரே பொறியில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் வேறு வேறு விதமாக வேலை செய்யும். பிரஸ் பொறியில் இந்த வேறுபாட்டின் விலை பாகமாக மட்டும் இருப்பதில்லை. அது விரலாகவும் இருக்கக்கூடும். எனவே ஒரு மொழிப் பதிப்பு மாறினால் மற்ற மொழிப் பதிப்புகளும் காலாவதியானதாகக் காட்டும் வசதி ஆவண மென்பொருளில் இருப்பது நல்லது.

இரண்டும் விலகும்போது: 2024 போயிங் நிகழ்வு

வழுப் பதிவும் ஆவணமும் ஒன்றையொன்று தொடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமான நிகழ்வு ஓர் அண்மைச் சான்று. 2024 சனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து புறப்பட்ட போயிங் 737-9 விமானத்தின் இடப்பக்கக் கதவு அடைப்பு ஒன்று நடுவானில் பிய்ந்து விழுந்தது. 171 பயணிகளும் 6 பணியாளர்களும் அதில் இருந்தனர். சிலர் காயமடைந்தனர், உயிரிழப்பு இல்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆலைப் பதிவுகளை ஆராய்ந்தது. விமானத்தின் உடற்பகுதி ரென்டன் ஆலைக்கு வந்தபின், 2023 செப்டம்பர் 1 அன்று, அந்தக் கதவு அடைப்பின் அருகே ஐந்து ரிவெட்டுகள் சேதமுற்றிருப்பது ஒவ்வாமை அறிக்கையாக முறைப்படி பதியப்பட்டது. ரிவெட்டுகள் மாற்றப்பட்டன. செப்டம்பர் 19 அன்று அப்பணி முடிந்ததாகக் குறிக்கப்பட்டது. வழுப் பதிவு என்ற அளவில் எல்லாம் சரியாகவே நடந்தது.

ஆனால் அந்த ரிவெட்டுகளை எட்டுவதற்குக் கதவு அடைப்பைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு பாகத்தைக் கழற்றினால் அதற்கெனத் தனி ஆவணம் உருவாக்க வேண்டும் என்பது ஆலையின் விதி. அந்த ஆவணம் உருவாக்கப்படவில்லை. ஆவணம் இல்லாததால், அடைப்பைத் திரும்பப் பொருத்தியதைச் சோதிக்க வேண்டும் என்று எந்தச் சோதனையாளருக்கும் அறிவிப்பு போகவில்லை. அடைப்பைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் இல்லாமலேயே விமானம் 2023 அக்டோபர் 31 அன்று ஒப்படைக்கப்பட்டது.

2025 சூனில் வாரியம் தன் இறுதி முடிவை வெளியிட்டது. பாகங்களைக் கழற்றும் நடைமுறையைத் தொழிலாளர்கள் சரியாகப் பின்பற்றத் தேவையான பயிற்சியையும் வழிகாட்டுதலையும் மேற்பார்வையையும் போயிங் தரவில்லை என்பதே முதன்மைக் காரணம் என அது கூறியது. மென்பொருள் இல்லாததால் நேர்ந்த பிழை அன்று இது. சிறு பழுதைக் காட்டும் பதிவு ஓரிடத்தில் இருந்தது. பெரிய மாற்றத்தைக் காட்ட வேண்டிய ஆவணம் பிறக்கவே இல்லை. ஒன்று மூடும்போது மற்றொன்றைக் கேட்கும் கண்ணி அறுந்திருந்தது.

பதிவே சாட்சியாகும்போது: ஹொரைசன் வழக்கு

வழுப் பதிவு வேலையை முடிக்க உதவும் கருவி மட்டுமன்று. பின்னாளில் அதுவே சாட்சியாகலாம். பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் அறிமுகப்படுத்தியது. அது காட்டிய பணக்குறைவுகளுக்காக, துணை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்கு ஆளாயினர். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்.

அவர்களில் ஒரு பிரிவினர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹொரைசனில் கிளைக் கணக்குகளைப் பாதிக்கக்கூடிய வழுக்கள் இருந்தன என்று அது கண்டது. அந்த முடிவுக்கு முக்கியச் சான்றாக அமைந்தவற்றுள், மென்பொருளைப் பராமரித்த ஃபுஜிட்சு நிறுவனத்தின் உள் பதிவுகளும் அடங்கும். 'பீக்' என்ற வழுப் பதிவும், 'அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு' என்ற தொகுப்பும் அவை. தொழில்நுட்பர்கள் அன்றாட வேலைக்காக எழுதி வைத்த குறிப்புகள், தண்டிக்கப்பட்டவர்கள் பொய் சொல்லவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் காட்டின. 2024ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தண்டனைகளை நீக்கியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படுகின்றன. மூடிய வழுவை அழிக்கக் கூடாது. மூடியதும் அது ஓர் ஆவணமாகிறது, அதற்கும் காப்புக் காலம் வேண்டும். அடுத்து, வழுப் பதிவில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் இத்தகைய தடப்பதிவு கட்டாயமாக உள்ளது. தரப் பதிவுகளுக்கும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பானது.

தேர்வுக்கான கேள்விகள்

மென்பொருளின் வசதிப் பட்டியலைப் பார்க்கும் முன் குழு தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

1. கடந்த மாதம் குழுவுக்கு நேர்ந்த இடர்கள் எவ்வகையானவை? 'சொன்னேன், யாரும் செய்யவில்லை' என்ற குறை மிகுந்தால் முதலில் தேவைப்படுவது வழுப் பதிவு. 'பழைய வரைபடத்தை வைத்துச் செய்துவிட்டோம்' என்ற குறை மிகுந்தால் முதலில் தேவைப்படுவது ஆவண மேலாண்மை.

2. பதிபவர் யார்? அலுவலகப் பணியாளர் மட்டுமா, பொறியருகே நிற்பவருமா? மின்னஞ்சல் முகவரி இல்லாத தொழிலாளர் கைப்பேசியிலோ பொதுக் கணினியிலோ தம் மொழியில் பதிய முடியுமா?

3. கட்டணம் எப்படி? ஒரு பயனருக்கு இவ்வளவு என்ற முறையில் வாங்கும்போது, செலவைக் குறைக்க ஷிப்ட் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைத் தரும் வழக்கம் உண்டாகிறது. அப்போது யார் பதிந்தார் என்ற தடமே அழிந்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளர் மீது பழி விழும் நாளில் அவரைக் காக்கவும் பதிவு இராது.

4. இணையம் துண்டிக்கப்பட்டால் என்ன வழி? பணிக்குறிப்பின் அச்சு நகல் பொறியருகே இருக்குமானால், அதற்குக் 'கட்டுப்படுத்தப்பட்ட நகல்' என்ற முத்திரையும், புதிய பதிப்பு வந்தால் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பாளரும் வேண்டும்.

5. மென்பொருளை விட்டு வெளியேற முடியுமா? எல்லாப் பதிவுகளையும் இணைப்புகளோடும் பதிப்பு வரலாற்றோடும் பொது வடிவத்தில் பதிவிறக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே செய்து பார்ப்பது நல்லது.

6. இரண்டையும் இணைக்க முடியுமா? வழுப் பதிவில் ஆவண எண்ணையும், ஆவணத்தின் திருத்தக் குறிப்பில் வழு எண்ணையும் எழுத இடம் இருக்கிறதா?

இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடிந்தால்

ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மென்பொருள்கள் சுமையாகலாம். வழுப் பதிவை மட்டும் வாங்கும் குழு, ஆவணங்களை ஒரு பொதுக் கோப்புறையில் வைத்து, திருத்தும் உரிமையை ஒருவருக்கு மட்டும் தரலாம். கோப்பின் பெயரில் எண்ணும் பதிப்பும் நாளும் இருக்க வேண்டும். பழைய பதிப்புகள் 'விலக்கப்பட்டவை' என்ற தனிக் கோப்புறைக்குச் செல்ல வேண்டும். ரெட்மைன் போன்ற சில மென்பொருள்களில் வழுப் பதிவோடு ஆவணப் பகுதியும் விக்கிப் பகுதியும் இருப்பதால் தொடக்கத்துக்கு அவை போதும். ஆனால் ஒப்புதல் படிகளும் காப்புக் காலமும் தேவைப்படும் நாளில் அவை போதாமல் போகலாம்.

ஆவண மேலாண்மையை மட்டும் வாங்கும் குழு, வழுக்களுக்கு ஒரு விரிதாளைப் பயன்படுத்தலாம். எண், நாள், விவரம், பொறுப்பாளர், நிலை, கெடு நாள், மாற்ற வேண்டிய ஆவணம் என ஏழு நிரல்கள் போதும். வாரம் ஒருமுறை குழு கூடி நிலுவை வரிகளை மட்டும் படிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்பிப் பழுதைச் சொல்வது விரைவானது. ஆனால் அது பதிவாகாது. நூறு செய்திகளுக்கு மேலே சென்றுவிட்ட பழுதுக்குப் பொறுப்பாளர் இல்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆனால் எண் பெற்ற பின்பே வேலை தொடங்கும் என்ற விதி இருந்தால் இக்குறை குறையும்.

தமிழ் ஆவணங்களுக்கான கவனம்

தமிழில் ஆவணங்களை வைத்திருக்கும் குழு எழுத்துருக் குறியேற்றத்தைக் கவனிக்க வேண்டும். பழைய கோப்புகள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை இலத்தீன் எழுத்துகளே. ஆவண மென்பொருளில் தமிழில் தேடினால் அவை கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு யூனிகோடு முறையையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பின்பே மென்பொருளில் ஏற்றுவது நல்லது. வருடிய தாள்களில் தேட வேண்டுமானால், மென்பொருளின் எழுத்துணரி தமிழை ஏற்கிறதா என்பதைச் சில பக்கங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன் கேட்கும் கேள்வி

எந்த மென்பொருளை வாங்கினாலும், வழுவை மூடும் படிவத்தில் ஒரு கட்டாயக் கேள்வி இருக்க வேண்டும்: 'இந்த வழுவால் எந்த ஆவணம் மாற வேண்டும்?' விடை இரண்டே வகை. ஆவணத்தின் எண்ணும் புதிய பதிப்பும், அல்லது 'எதுவும் இல்லை' என்பதும் அதற்கான காரணமும். விடை இல்லாமல் வழு மூடக்கூடாது. அதேபோல் ஓர் ஆவணத்தைத் திருத்தும்போது எந்த வழுவால் அல்லது எந்த வேண்டுகோளால் திருத்தம் வந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும்.

இந்த ஒரு கேள்விக்குப் பெரிய மென்பொருளும் தேவையில்லை, தாள் பதிவேடும் போதும். கேள்வி இருக்கும் இடத்தில் பிராக்கெட்டின் துளை மூன்று மாதத்தில் மீண்டும் விலகுவதில்லை, கழற்றிய பாகம் கணக்கில்லாமல் போவதில்லை. வழுப் பதிவு இன்றைய குறையைத் தீர்க்கிறது. அக்குறை நாளை வராமல் காப்பது திருத்தப்பட்ட ஆவணம். இரண்டுக்கும் இடையே எண்ணால் ஓர் இணைப்பு இருக்கிறதா என்பதே, எந்த மென்பொருள் என்பதைவிட முதலில் தீர்மானிக்க வேண்டியது.